ஸ்க்ரீனில் வராத தோடு

புஷ்பவல்லியிடம் இருந்த மெட்டல் டிடெக்டருக்கு ஒரே ஒரு குரல்தான். மண்ணுக்குள் கால் டாலர் காசு கிடந்தாலும் கீச். பீர் பாட்டில் மூடி கிடந்தாலும் கீச். துருப்பிடித்த ஆணிக்கும் அதே கீச். நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் அவர்கள் அபார்ட்மென்ட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு குடும்பம் ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தபோது பழைய சாமான்களை விற்கப் போட்ட கராஜ் சேலில், ஒரு டோஸ்டர் வாங்கப் போனவள் பத்து டாலர் கொடுத்து இதை வாங்கிக்கொண்டு வந்தாள். டோஸ்டர் வாங்க மறந்துவிட்டாள்.

அது தொண்ணூற்றெட்டு அக்டோபர். அவள் கணவன் நஞ்சப்பன் தினமும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து நியூயார்க் போய், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பழைய ப்ரோகிராம்களில் வருஷத்தை இரண்டு இலக்கத்திலிருந்து நான்கு இலக்கமாக மாற்றிக்கொண்டிருந்தான். புஷ்பவல்லி ஃபிசிக்ஸில் எம்.எஸ்ஸி. ஈரோட்டில் ஒரு காலேஜில் இரண்டு வருஷம் பாடம் எடுத்தவள். வேலைக்கு வந்தவரின் மனைவிக்குத் தரும் எச்-ஃபோர் விசாவில் வேலைக்குப் போக முடியாது. அதற்காக ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிற ஆளும் அவள் இல்லை. காலையில் நஞ்சப்பனை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, கார் டிக்கியில் மெஷினையும் ஒரு சின்ன மண்வெட்டியையும் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு பார்க்குக்குப் போய்விடுவாள். கவுண்ட்டி பார்க் ஆபீஸில் முறையாகப் பர்மிட் வாங்கி வைத்திருந்தாள். தோண்டிய குழியைத் தோண்டினது தெரியாமல் மூடுவதில் அவளுக்கு ஒரு கர்வமே உண்டு.

ஊர் சும்மா இருக்குமா? ஒரு நாள் இந்தியன் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நஞ்சப்பனை ராஜலக்ஷ்மி ஆன்ட்டி பிடித்துக்கொண்டாள். வெஸ்ட் விண்ட்சரில் சொந்த வீடு, தமிழ்ச் சங்கத்தில் பிக்னிக் கமிட்டி, இருபது வருஷ அமெரிக்கா.

"என்னப்பா, உன் ஒய்ஃப் பார்க்குல காசு பொறுக்கிண்டு இருக்காளாமே? ஏதாவது கஷ்டம்னா சொல்லக் கூடாதா? நாங்கள்ளாம் எதுக்கு இருக்கோம்?"

நஞ்சப்பன் கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னான்.

"கஷ்டம்னு நினைச்சுக்கிட்டாங்களா?" புஷ்பவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடுத்த தடவை பார்த்தா ஒரு ரெண்டு டாலர் வாங்கிட்டு வாங்க."

பிரச்னை வேறு இடத்தில் இருந்தது. எட்டு மாதம் ஓடியதும் அவளுக்குப் புது மெஷின் வேண்டியிருந்தது. ஹைட்ஸ்டவுனில் மீன் தூண்டில் விற்கும் கடை ஒன்றின் பின்பாதியில் எட் என்பவர் டிடெக்டர் விற்றுக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றைப் பார்த்துவிட்டாள். அதில் சின்ன ஸ்க்ரீன். மண்ணுக்குள் கிடப்பதற்கு ஒரு நம்பர் காட்டும். காசா, ஆணியா, குப்பையா என்று படம் போட்டே சொல்லும். எவ்வளவு ஆழம் என்றும் சொல்லும். தோண்டலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணிவிட்டு மண்வெட்டியை எடுத்தால் போதும். விலை அறுநூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே.

"பத்து டாலர் மெஷின்னா பொழுதுபோக்கு," என்றான் நஞ்சப்பன். "அறுநூறு டாலர் மெஷின்னா அதுக்கு வேற பேரு."

"என்ன பேருங்க?"

"எனக்குத் தெரியல. ஆனா ராஜலக்ஷ்மி ஆன்ட்டி ஒரு பேரு வெச்சிருவாங்க."

"ஏனுங்க, நூறு தடவை குனிஞ்சு தோண்டுனா தொண்ணூறு தடவை மூடிதான் வருது. முட்டி போச்சு."

"நான் வேண்டாம்னு சொல்லல புஷ்பா. நிஜமாவே வேணுமா, பார்த்ததும் ஆசை வந்திருச்சா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு."

அது நியாயமான கேள்வியாக இருந்ததால் அவளுக்கு எரிச்சல் வந்தது. எட் கடைக்குப் போய், மெஷினைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. கடையில் காட்டுவதற்கு வைத்திருந்த மெஷினையே எடுத்துக் கொடுத்தார். "வார இறுதி முழுக்க வைத்துப் பார். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் கொண்டுவந்துவிடு." கொடுக்கும்போது அவரே இரண்டு பட்டன்களை அழுத்தினார். "குப்பையை எல்லாம் காதில் விழாதபடி அடைத்துவிட்டேன். இனி உனக்கு நல்லது மட்டும்தான் கேட்கும்." கூடவே அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் ஒரு புத்தகமும் கொடுத்தார். புஷ்பவல்லி அதை டாஷ்போர்டில் போட்டாள்.

அந்த வாரச் சனிக்கிழமைதான் சங்கத்தின் சம்மர் பிக்னிக்.

கவுண்ட்டி பார்க்கில் ஏரிக்கரை ஓரம் நூற்றைம்பது பேர். எலுமிச்சை சாதம், புளியோதரை, தயிர் சாதம் மூன்றையும் தனித்தனியாக அலுமினியத் தாளில் மடித்து அடுக்கியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. ராஜலக்ஷ்மி ஆன்ட்டி கடைசி ஆளாக நின்று, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, எதிர் அணி மொத்தத்தையும் சாய்த்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஆன்ட்டி நெற்றியைத் துடைத்தாள், முடியை ஒதுக்கினாள், அப்படியே சிலையாக நின்றாள்.

"என் தோடு!"

இடது காதில் வைரத்தோடு மின்னியது. வலது காதில் வெறும் ஓட்டை.

அடுத்த பத்து நிமிடம் எல்லோரும் புல்லில் குனிந்து நடந்தார்கள். ஆன்ட்டியின் மகள் ரக்ஷா, ஒன்பதாம் வகுப்பு படிப்பவள், "அம்மா, ஜஸ்ட் காம் டவுன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அது ஒன்றும் உதவவில்லை. அப்போதுதான் நஞ்சப்பன் வாயைத் திறந்தான். "புஷ்பா, டிக்கியில மெஷின் இருக்குதில்ல?"

மெஷினை எடுத்துக்கொண்டு புஷ்பவல்லி மைதானத்துக்குள் இறங்கியதும் கூட்டம் வழி விட்டது. அவள் வாழ்க்கையில் அதுவரை அப்படி யாரும் வழி விட்டதில்லை. மெஷின் அற்புதமாக வேலை செய்தது. பழையது என்றால் இத்தனை அலுமினியத் தாளுக்கு நடுவில் கத்திக் கத்திச் செத்திருக்கும். இது கப்சிப். திடீரென்று ஒரு மணியோசை. ஸ்க்ரீனில் கால் டாலர் படம். தோண்டினாள். கால் டாலர். கூட்டம் ஓவென்று கத்தியது. இன்னொரு மணியோசை, பத்து சென்ட் என்றது. பத்து சென்ட்டேதான். "கம்ப்யூட்டர் மாதிரி சொல்றதே!" என்றார் ராஜலக்ஷ்மியின் கணவர் சுவாமிநாதன்.

ஆன்ட்டி உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தைச் சுற்றி, சாப்பாட்டு மேஜைகளுக்குக் கீழே, கயிறு இழுத்த இடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு மணி நேரம் விடாமல் ஆட்டினாள். கடைசியில் நிமிர்ந்தாள்.

"இங்க இல்லீங்க ஆன்ட்டி."

"நிச்சயமாவா?"

"இருந்தா மெஷின் சொல்லியிருக்கும்."

இந்தப் பெருமைக்காக அவள் பின்னால் வெகுவாக வருந்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஃபோன் வந்தது. விசாலாக்ஷி. அதே அபார்ட்மென்ட்டில் அடுத்த பில்டிங். சென்னையிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது. கணவன் வார நாட்களில் கனெக்டிகட்டில் ப்ராஜெக்ட்டில் இருப்பான். லாண்டிரி ரூமில் பார்த்தால் இருவரும் சிரித்துப் பேசுவார்கள், அவ்வளவுதான் பழக்கம்.

"புஷ்பா, ஒண்ணே ஒண்ணு கேட்கணும். தோடு அங்க இல்லன்னு நீங்க நிச்சயமா சொன்னீங்களா?"

"ஆமாங்க. ஏன்?"

"ராஜி ஆன்ட்டி ஃபோன் பண்ணாங்க. என் ஹேண்ட்பேகை ஒரு தடவை நல்லா செக் பண்ணிப் பார்க்கச் சொன்னாங்க. தவறி விழுந்திருக்குமாம்." அவள் குரல் சமமாகவே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "நேத்து சாப்பிடறதுக்கு முன்னாடி திருகு லூசா இருக்குன்னு அவங்கதான் என்னை முடுக்கச் சொன்னாங்க. முடுக்கி விட்டேன். இப்ப அதுல கடைசியா பட்டது என் கையாம். புல்லுல இல்லன்னு மெஷினே சொல்லிடுச்சாம். எனக்கு முன்னாடியே நாலஞ்சு பேருக்குச் சொல்லியாச்சு போல. என் ஹஸ்பெண்டோட ஃப்ரெண்டே அவருக்கு ஃபோன் பண்ணி விசாரிக்கிறார்."

"விசாலாக்ஷி, நான்..."

"உங்களை ஒண்ணும் சொல்லல. தெரிஞ்சுக்கணும்னு கேட்டேன்." ஃபோனை வைத்துவிட்டாள்.

புஷ்பவல்லி ரிசீவரை வைத்தாள். பிறகு காருக்குப் போய் டாஷ்போர்டிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்தாள். பதினான்காம் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. அலுமினியத் தாள் எந்த நம்பரில் வரும், சோடா டின்னைத் திறக்கும் வளையம் எந்த நம்பரில் வரும், காசுகள் எங்கே வரும் என்று ஒரு அளவுகோல். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. சின்னத் தங்க நகைகள் பெரும்பாலும் அலுமினியத் தாளின் நம்பரிலேயே வரும்.

தன் காதிலிருந்து தோட்டைக் கழற்றினாள். பால்கனிக்குக் கீழே இருந்த புல்லில் வைத்தாள். எட் வைத்துக் கொடுத்தபடியே மெஷினை அதன்மேல் ஆட்டினாள். சத்தமில்லை. இன்னும் தாழ்வாக ஆட்டினாள். ஸ்க்ரீன் காலியாக இருந்தது. அவள் கண்ணெதிரே சாயங்கால வெயிலில் தங்கம் பளபளத்துக்கொண்டிருந்தது. மெஷினைக் கேட்டால் அங்கே ஒன்றுமே இல்லை.

இரண்டு வருஷம் காலேஜில் சுருள், காந்தம், மின்னோட்டம் என்று போர்டில் எழுதித் தள்ளியவள் அவள். எந்த உலோகம் எப்படிப் பதில் சொல்லும் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். ஸ்க்ரீனில் கால் டாலர் படம் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

அடைத்திருந்ததை எல்லாம் திறந்துவிட்டு மறுபடி ஆட்டினாள். மெஷின் மெல்ல முனகியது. பதினெட்டு என்றது.

"ஏனுங்க, இங்க வாங்க," என்று கத்தினாள். நஞ்சப்பன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்தப் பொண்ணுக்கு முதல்ல சொல்லு," என்றான்.

அவள் ஃபோன் பண்ணிப் பார்த்தாள். விசாலாக்ஷி எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நஞ்சப்பனை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு நேராக விசாலாக்ஷியின் கதவைத் தட்டினாள். திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"நான் சொன்னது தப்புங்க," என்றாள் புஷ்பவல்லி. "மெஷின் தங்கத்தையும் சேர்த்து அடைச்சு வெச்சிருந்துச்சு. நான் பார்க்கல. தோடு அங்கேயே கிடக்கலாம். நான் இப்ப தேடத்தான் போறேன். கிடைச்சாலும் கிடைக்காட்டியும், நான் சொன்னது தப்புன்னு ஆன்ட்டிகிட்ட இன்னிக்கு நானே போய்ச் சொல்லிருவேன்."

விசாலாக்ஷி அவளையே பார்த்தாள். "ராத்திரி பூரா பேகைத் தலைகீழா கொட்டிக் கொட்டிப் பார்த்தேன். நான் எடுக்கலன்னு எனக்கே தெரியும். ஆனாலும் பார்த்தேன். எவ்வளவு அசிங்கமா இருந்துச்சு தெரியுமா?"

"தெரியலீங்க," என்றாள் புஷ்பவல்லி. "தெரியும்னு சொன்னா பொய்."

விசாலாக்ஷி உள்ளே போனாள். ஷூ மாட்டிக்கொண்டு வந்தாள். "எனக்கும் ஒரு மண்வெட்டி இருக்கா?"

பார்க்கில் யாருமே இல்லை. ஏரியில் வாத்துகள் மட்டும். கயிறு இழுத்த இடத்தில் புல் இன்னும் படுத்தே கிடந்தது. புஷ்பவல்லி ஒரு நூல்கண்டை எடுத்து, குச்சி நட்டு, நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தாள். புது மெஷினை அவள் எடுத்துக்கொண்டாள். பழையதை விசாலாக்ஷியிடம் கொடுத்தாள். "இதுல செட் பண்ண ஒண்ணுமே இல்ல. கத்தினா தோண்டுங்க."

அது கத்தியது. இரண்டு எட்டு வைத்தால் கத்தியது. விசாலாக்ஷி ஆரம்பத்தில் கோபத்தோடு தோண்டினாள். மண் பறந்தது. மூடி. வளையம். அலுமினியத் தாள், உள்ளே நாலு பருக்கை புளியோதரை. மறுபடி மூடி. சின்ன மண்வெட்டியால் ஓங்கிக் குத்தி ஒரு முழு ஸ்பூனை வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இது சங்கத்து ஸ்பூனுங்க," என்றாள் புஷ்பவல்லி. "பாருங்க, நெயில் பாலிஷ் வெச்சுக் குறி போட்டிருக்காங்க."

"போன வருஷத்து ஸ்பூனா இருக்கும். இதுக்கு யாரை விசாரிச்சாங்களோ!"

அதற்குப் பிறகு வேலை சுலபமாயிற்று. புஷ்பவல்லி கணக்குப் போட்டாள். தன் தோட்டுக்குப் பதினெட்டு. ஆன்ட்டியின் தோடு இன்னும் பெரிசு, கனம். ஆகவே பதினைந்திலிருந்து முப்பதுவரை எந்த நம்பர் வந்தாலும் தோண்டுவது. மேலே வந்தால் காசு, போனால் போகிறது. ஒவ்வொரு பாத்தியையும் நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை. ஒன்பதரைக்கு ஐந்து பாத்தி முடிந்திருந்தது. பார்க் வண்டியில் வந்த காவலாளி பர்மிட்டைப் பார்த்தார், குழிகளைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், குட் லக் சொல்லிவிட்டுப் போனார். பதினோரு மணிக்கு இருவர் முழங்காலும் பச்சையாகியிருந்தது.

பதினோராவது பாத்தி. ஆன்ட்டி கடைசி ஆளாகக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு காலை ஊன்றியிருந்த இடம். ஸ்க்ரீனில் இருபத்திமூன்று. அதே இடத்தில் குறுக்காக ஆட்டினாள். மறுபடி இருபத்திமூன்று. புல்லுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. செருப்புக் குதிகால் பதிந்த பள்ளம் ஒன்று மட்டும் காய்ந்து இறுகிக் கிடந்தது. புஷ்பவல்லி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு விரலால் கிளறினாள். ஒரு கட்டி மண் வந்தது. அதை உள்ளங்கையில் உருட்டினாள். மண் உதிர்ந்தது. ஒரு கல் எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று.

கையை அப்படியே விசாலாக்ஷியிடம் நீட்டினாள்.

விசாலாக்ஷி அதைப் பார்த்ததும் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஓவென்று அழுதாள். ஏரி வாத்து இரண்டு எழுந்து பறந்தன. புஷ்பவல்லி பக்கத்தில் உட்கார்ந்து, மண் கையோடு அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு விசாலாக்ஷி போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது.

அங்கிருந்து நேராக வெஸ்ட் விண்ட்சர். கதவைத் திறந்த ராஜலக்ஷ்மி ஆன்ட்டி மண்ணும் புல்லுமாக நின்ற இருவரையும் பார்த்து இரண்டடி பின்னால் போனாள். தோட்டை விசாலாக்ஷிதான் கொடுத்தாள்.

"பேகுல இல்ல ஆன்ட்டி. நீங்க ஜெயிச்ச இடத்துல இருந்துச்சு. உங்க காலுக்குக் கீழயே."

புஷ்பவல்லி முந்திக்கொண்டாள். "தப்பு என்மேலதாங்க ஆன்ட்டி. இல்லவே இல்லன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

ஆன்ட்டி தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை விசாலாக்ஷியைப் பார்த்தாள், ஒரு முறை தரையைப் பார்த்தாள். "நீ இல்லன்னுதான் சொன்னே. அவ எடுத்தான்னு சொல்லலையே. அதை நான்தானே சொன்னேன்," என்றாள் கடைசியில். விசாலாக்ஷியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோம்மா. புத்தி கெட்டுப்போய்ப் பேசிட்டேன்."

பிறகு அவள் சுபாவம் திரும்பிவிட்டது. "அந்தப் புது மெஷினை நானே உனக்கு வாங்கித் தரேன் புஷ்பவல்லி. மாட்டேன்னு சொல்லப்படாது."

"மெஷின் வேண்டாங்க ஆன்ட்டி. நீங்க ஞாயித்துக்கிழமை யார் யாருக்கு ஃபோன் பண்ணீங்களோ, அவங்களுக்கு மறுபடி ஒரு ஃபோன் பண்ணுங்க. எங்க முன்னாடியே."

ஆன்ட்டி காபி கலந்து இருவர் கையிலும் கொடுத்தாள். ஃபோனை எடுத்து டைனிங் டேபிளில் உட்கார்ந்தாள். முதல் ஃபோனில் சுற்றி வளைத்தாள். இரண்டாவதில் நேராகச் சொல்லிவிட்டாள். "தோடு புல்லுலயே இருந்தது. அந்தப் பொண்ணைப் பத்தி நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது." மூன்றாவது ஃபோன் முடிந்ததும் விசாலாக்ஷியே, "போதும் ஆன்ட்டி, விடுங்க," என்றாள்.

"இல்லடி, இன்னும் மூணு பேர் பாக்கி இருக்கா," என்று ஆன்ட்டி அடுத்த நம்பரை அழுத்தினாள்.

எட் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. அவர் நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கதையைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். தங்கம் தேடப் போகிறாய் என்று நீ சொல்லவே இல்லையே என்றார். பிறகு, நானும் கேட்கவில்லை என்றார். வாங்கப்போகிறாயா என்று கேட்டதற்குப் புஷ்பவல்லி இன்னும் தெரியாது என்று சொன்னாள். அன்றைக்கு அது உண்மை. மெஷினைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் போகும்போது புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரம் அதைப் படித்தாள். காலேஜ் நோட்டைப் போல் ஓரத்தில் எழுதி எழுதிப் படித்தாள். ஒரு சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது, சிக்னலில் நின்றபோது, நஞ்சப்பனிடம் சொன்னாள்.

"வாங்கலாம்னு நினைக்கிறேங்க."

"இன்னுமா ஆசை?"

"ஆசையெல்லாம் அன்னிக்கே போயிருச்சு. அது எப்போ சரியாச் சொல்லும், எப்போ சொல்லாதுன்னு இப்போ எனக்குத் தெரியும். அதனால வேணும்."

நஞ்சப்பன் சிக்னலைப் பார்த்தபடி யோசித்தான். பச்சை விழுந்தது. "அப்ப சனிக்கிழமை போலாம்," என்றான். "பழசை என்ன பண்ணப் போறே?"

பழசு ஏற்கனவே விசாலாக்ஷியின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஒரு வாரம் கடன் வாங்குகிறேன் என்று கொண்டுபோனவள் அதற்குப் புது பேட்டரியும் போட்டு, கைப்பிடிக்கு நீலத் துணி சுற்றி வைத்திருந்தாள். இனிமேல் அதைக் கேட்பது மரியாதை இல்லை.

செப்டம்பரில் ஃப்ளாய்ட் புயல் நியூ ஜெர்சியைப் புரட்டிப்போட்டது. இரண்டு வாரம் கழித்து, ரோடெல்லாம் திறந்த பிறகு, இருவரும் பெல்மார் கடற்கரைக்குப் போனார்கள். அலை அடித்து மேல் மணலை எல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தது. ஈர மணலில் பழைய மெஷின் உப்பு ஈரத்தையே உலோகம் என்று நினைத்து ஓயாமல் கீச்சிட்டது. விசாலாக்ஷி அதைத் திட்டிக்கொண்டே காய்ந்த மணல் பக்கம் போனாள். புஷ்பவல்லி புது மெஷினோடு தண்ணீர் ஓரமாகவே நடந்தாள். சேலையெல்லாம் சரிவராது என்று நஞ்சப்பனின் பேன்ட்டைப் போட்டு மடித்து விட்டிருந்தாள். எல்லா நம்பரையும் திறந்து வைத்திருந்தாள், ஒவ்வொன்றையும் தோண்டினாள்.

"புஷ்பா!" காற்றில் விசாலாக்ஷியின் குரல் வந்தது. அவள் கையை முழங்கை வரை மணலுக்குள் விட்டிருந்தாள். "பெருசா ஏதோ மாட்டுது! இழுத்தா வர மாட்டேங்குது! சீக்கிரம் வாங்க!"

புஷ்பவல்லி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.